நியூயோர்க்கில் விழுந்த கோபுரமும் கனடாவின் கதவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்ப உதவி செய்கிறேன். பிஆர் கார்ட் (நிரந்தரக் குடியிருப்பாளர் அட்டை) புதுப்பிப்பது, குடியுரிமை விண்ணப்பம், அமெரிக்க விசா, இப்படி. பாதிப் படிவம் தாண்டுவதற்குள் யாராவது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்: "ஏன் தம்பி இவ்வளவு கேட்கிறான்கள்? முந்தி இப்படி இல்லையே?" விளக்கப் போனால் பேச்சு பெரும்பாலும் ஒரே நாளில் போய் நிற்கும்: 2001 செப்டம்பர் 11, கடத்திய விமானங்கள் மோதி நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த நாள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததால் எழுதிவைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அடி விழுந்தது அமெரிக்காவுக்கு. கனடாவுக்கு அதில் என்ன வந்தது?

அன்று இறந்த ஏறத்தாழ 3,000 பேரில் 24 பேர் கனடியர்கள். அந்தத் துக்கம் ஒரு பக்கம் இருக்க, கனடாவை உலுக்கிய இன்னொரு விஷயம் வியாபாரம். அந்தக் காலத்தில் கனடா வெளிநாடுகளுக்கு விற்றதில் 85 சதவீதத்துக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம் போனது, அமெரிக்காவிடம். இரண்டு நாட்டுக்கும் இடையே 8,891 கிலோமீட்டர் எல்லை. அதில் பெரும்பகுதிக்கு வேலிகூடக் கிடையாது. காவலே தேவைப்படாத எல்லை என்று இரண்டு பக்கமும் பெருமையடித்துக்கொண்ட காலம் அது.

பக்கத்து வீட்டுப் பணக்காரர் பயந்துபோய் வாசலைச் சாத்தினால், அவருக்குப் பால் ஊற்றிப் பிழைப்பவன் வீட்டில் உலை கொதிக்காது. "நான் ஆபத்தான ஆள் இல்லை, என் வழியாக யாரும் வரமாட்டார்கள்" என்று அவருக்குக் காட்டியாக வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

அன்றைக்கு வானத்தில் இருந்த விமானம் எல்லாம் கனடாவில் இறங்கியதாமே?

எல்லாம் இல்லை. ஆனால் 200க்கு மேல். அமெரிக்கா தன் வான்வெளியை மூடியபோது அட்லாண்டிக்கில் பாதி தாண்டிவிட்ட விமானங்களுக்குத் திரும்பிப் போக எரிபொருள் போதாது. கனடா அவற்றை இறக்கிக்கொண்டது. நியூபவுண்ட்லாந்தில் கேண்டர் என்ற சிற்றூர், அப்போது மக்கள்தொகை சுமார் 10,000. அங்கே மட்டும் 38 விமானங்கள், ஏறத்தாழ 6,600 பயணிகள். வேலைநிறுத்தத்தில் இருந்த பள்ளி பஸ் சாரதிகள் பதாகைகளைப் போட்டுவிட்டு வந்து வண்டி எடுத்தார்கள். குவிந்த சாப்பாட்டை வைக்க இடமில்லாமல் ஐஸ் ஹாக்கி அரங்கத்தையே குளிர்சாதனப் பெட்டியாக்கினார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். எந்த விமானத்தில் யார் இருக்கிறார்கள் என்று அன்று யாருக்கும் தெரியாது. அதனால் கடல் தாண்டி வந்தவற்றை ரொறன்ரோ, மொன்றியல், ஒட்டாவா பக்கம் விடாமல் முடிந்தவரை கிழக்குக் கரையிலேயே இறக்கப் பார்த்தார்கள். சிலர் ஒரு நாளுக்கு மேல் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவராகச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். விருந்தோம்பலும் பயமும் அன்றைக்கு ஒரே கையால்தான் பரிமாறப்பட்டன.

போர்டரில் கொஞ்ச நேரம் கூடக் காத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போகும்?

வின்ட்சரையும் டிட்ரோயிட்டையும் இணைக்கும் அம்பாசடர் பாலத்தை ஒருமுறை பார்த்தால் புரியும். தனியாருக்குச் சொந்தமான, 1929இல் திறந்த ஒரு பாலம். இரண்டு நாட்டு வர்த்தகத்தில் கால்வாசி அதன் மேல்தான் ஓடியது. கார் தொழிற்சாலைகள் பொருளைக் களஞ்சியத்தில் அடுக்கிவைப்பதில்லை. காலையில் பூட்டவேண்டிய இருக்கை சில மணி நேரம் முன்புதான் ட்ரக்கில் வந்து இறங்கும். ட்ரக் வராவிட்டால் வேலை நின்றுவிடும்.

செப்டம்பர் 11க்குப் பிறகு எல்லையை முறைப்படி மூடவில்லை. ஒவ்வொரு வண்டியையும் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. ட்ரக்குகள் அரை நாளுக்கு மேல் வரிசையில் நின்றன, சில தொழிற்சாலைகள் வேலையை நிறுத்தின. அந்த வரிசைதான் ஒட்டாவாவில் இருக்கும் கனடா அரசைப் பயமுறுத்தியது. 2001 டிசம்பர் 12 அன்று கனடா வெளியுறவு அமைச்சர் ஜோன் மான்லியும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் தலைவர் ரொம் ரிட்ஜும் 'ஸ்மார்ட் போர்டர்' உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 30 அம்சத் திட்டம். நம்பிக்கையான சரக்கும் நம்பிக்கையான ஆளும் வேகமாகப் போகட்டும், மற்றவர்களை நன்றாகச் சோதிப்போம் என்பது அதன் சாரம். முன்கூட்டியே சோதித்துக் கொடுக்கும் நெக்ஸஸ் அட்டை வைத்திருப்பவர்கள் தனி வரிசையில் நழுவிப் போவதைப் பார்த்து நாங்கள் பெருமூச்சு விடுவது அதன் ஒரு விளைவு.

அந்த விமானக் கடத்தல்காரர்கள் கனடா வழியாகத்தானே அமெரிக்காவுக்குள் போனார்கள்?

இல்லை. 19 பேரில் ஒருவர்கூட இல்லை. அமெரிக்காவே கொடுத்த விசாவில் நேரே அமெரிக்க விமான நிலையங்களில் போய் இறங்கியவர்கள். ஆனாலும் இந்தக் கதை சாகமாட்டேன் என்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஜேனட் நாப்பொலிட்டானோவே 2009இல் அந்த மாதிரிப் பேசி, பிறகு விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. 1999 டிசம்பரில் அஹ்மத் ரெஸ்ஸாம் என்ற அல்ஜீரியர் விக்டோரியாவிலிருந்து படகில் வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் ஏஞ்சலஸ் போய் இறங்கினார். கார் டிக்கியில் வெடிமருந்து. லொஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தைத் தகர்ப்பது திட்டம். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டும் மொன்றியலில் தங்கியிருந்தவர், பொய்யான ஞானஸ்நானப் பத்திரம் ஒன்றை வைத்து வேறு பெயரில் கனடாக் கடவுச்சீட்டு வாங்கியிருந்தார். 'கனடா ஓட்டை வீடு' என்ற எண்ணம் அப்போதே அமெரிக்காவில் விழுந்துவிட்டது. 2001இல் அதற்குச் சாட்சி தேவைப்படவில்லை.

லைசென்ஸைக் காட்டிவிட்டு நயாகரா தாண்டிப் போனோம் என்று அப்பா சொல்கிறார். கதை விடுகிறாரா?

அப்பா உண்மைதான் சொல்கிறார். கனடியக் குடிமக்களுக்கு அப்போது கடவுச்சீட்டு கட்டாயமில்லை. 1990களின் கடைசியில் நாங்கள் ஒரு வானில் எட்டுப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பஃபலோ போனோம். அதிகாரி குனிந்து பார்த்து "எந்த நாட்டுக் குடிமக்கள்?", "எங்கே போகிறீர்கள்?" என்று இரண்டு கேள்வி கேட்டார். மாமா பதில் சொல்லி முடிப்பதற்குள் கை அசைத்துவிட்டார். பின் இருக்கையில் அத்தை நித்திரை.

ஆகாய வழிப் பயணத்துக்கு 2007 ஜனவரியிலும், தரை, கடல் வழிக்கு 2009 ஜூன் 1 முதலும் கடவுச்சீட்டோ அதற்கு ஈடான அட்டையோ கட்டாயமாயிற்று. இது அமெரிக்கச் சட்டம். ஆனால் மாறவேண்டி வந்தது கனடாக் குடும்பங்களின் பழக்கம். கியூபெக்கில் ஸ்டான்ஸ்டெட் என்ற ஊரில் ஹாஸ்கெல் நூலகம் இருக்கிறது, எல்லைக் கோட்டின் மேலேயே கட்டியது. வாசிப்பு அறைத் தரையில் ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கனடா, அந்தப் பக்கம் அமெரிக்காவின் வெர்மான்ட். தெருவில் எல்லையைக் காட்டுவது வரிசையாக வைத்த பூந்தொட்டிகள். வாசல் அமெரிக்கப் பக்கம் இருந்தாலும் கனடியர்கள் நடைபாதையில் நடந்துபோய்ப் புத்தகம் எடுத்துவருவார்கள். 2001க்குப் பிறகு அந்த ஊரில் தெருத் தெருவாகத் தடுப்பு வந்தது. 2025இல் நடைபாதைச் சலுகைக்கும் கத்தி விழுந்தது.

நான் பிஆர், சிட்டிசன் இல்லை. எனக்கும் முந்தி விசா இல்லாமல் அமெரிக்கா போக முடிந்ததா?

இதைச் சொன்னால் இப்போது வந்த பிள்ளைகள் நம்புவதில்லை. பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டோடு கனடாவில் நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கு அமெரிக்கா போக விசா வேண்டியதில்லை. இலங்கை, இந்தியா இரண்டும் பொதுநலவாய நாடுகள். அதாவது எங்களில் பெரும்பாலோருக்கு அந்த வசதி இருந்தது. 2003 மார்ச்சில் அது போயிற்று. என் மாமா அந்த வருடம் நியூஜெர்சியில் தங்கச்சி மகளின் கல்யாணத்துக்குத் தாய்மாமனாகப் போயிருக்க வேண்டியவர். விசா நேரத்துக்குக் கிடைக்கவில்லை. கல்யாணத்தை வீடியோக் கொப்பியில் பார்த்தார்.

கனடா தன் பக்கத்தில் செய்தது பிஆர் கார்ட். அதற்கு முன்பு 'லாண்டட் பேப்பர்' என்று ஒரு தாள்தான். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி வைத்திருப்போம். புகைப்படம்கூட இல்லாத தாள். 2002 ஜூன் 28 அன்று புதிய குடிவரவுச் சட்டத்தோடு பிஆர் கார்ட் வந்தது. 2003 கடைசியிலிருந்து பிஆர்காரர்கள் அதுவோ அதற்கு ஈடான பயணப் பத்திரமோ இல்லாமல் வெளிநாட்டிலிருந்து கனடா விமானம் ஏற முடியாது. சரியாகச் சொன்னால், அந்தச் சட்டம் 2001க்கு முன்பே தயாரானது. அதைச் செப்டம்பர் 11 பெற்றெடுக்கவில்லை, அவசரப்படுத்தியது.

சட்டத்தில் அப்படி என்ன மாறியது?

2001 அக்டோபர் 15 அன்று நாடாளுமன்றத்துக்கு வந்த சி-36 மசோதா டிசம்பர் 18 அன்று சட்டமானது. இரண்டே மாதம். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 'பயங்கரவாதச் செயல்' என்பதற்கு முதன்முதலாக வரைவிலக்கணம் வந்தது அதில்தான். பணம் கொடுப்பது, வாங்குவது, உதவுவது எல்லாம் தனிக் குற்றங்களாயின. அமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்யும் அதிகாரமும் வந்தது.

எங்கள் சமூகத்தை அது நேரடியாகத் தொட்டது 2006 ஏப்ரலில், விடுதலைப் புலிகள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது. 2008இல் உலகத் தமிழர் இயக்கமும் சேர்ந்தது. தடையைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு, இங்கே அந்த வழக்கை நான் நடத்தப்போவதில்லை. நடைமுறையில் நான் கண்டது இதுதான்: பழைய நன்கொடை ரசீதுகளைத் தேடிக் கிழித்தவர்கள் இருந்தார்கள். ஊரில் எப்போதோ யாருக்கோ சாப்பாடு கொடுத்ததைப் படிவத்தில் எழுதுவதா விடுவதா என்று கை நடுங்கியவர்களும் இருந்தார்கள். அதற்கு ஒரே பதில், சட்டத்தரணியிடம் போங்கள். என்னிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அண்ணையிடம் அறவே கேட்காதீர்கள்.

விமான டிக்கெட்டில் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்று போடுகிறார்களே?

2002 ஏப்ரல் 1 முதல். உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு வழிக்கு 12 டொலர் என்று தொடங்கினார்கள். விமான நிலையச் சோதனைக்கென்று தனி அரசு நிறுவனமும் அதே நாளில் பிறந்தது. அதற்கு முன்பு விமான நிறுவனங்களே ஆள் வைத்துச் சோதித்தன.

அந்தக் காலத்தில் பஃபலோ வழியாக வந்து அகதிக் கேஸ் கொடுத்தார்கள். இப்போது ஏன் முடியாது?

எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் பாதை. ஏஜென்சிக்காரன் நியூயோர்க் வரை கொண்டுவந்து விடுவான், அங்கிருந்து பஃபலோ, பாலம் தாண்டினால் கனடா. 2002 டிசம்பரில் கையெழுத்தாகி 2004 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த 'பாதுகாப்பான மூன்றாவது நாடு' ஒப்பந்தம் அதை அடைத்தது. அமெரிக்காவில் கால் வைத்தவர் அங்கேயே அகதி கேட்க வேண்டும், தரை எல்லையில் கனடாவிடம் கேட்க முடியாது. கனடாவில் நெருங்கிய உறவு இருந்தால், துணையில்லாச் சிறுவர் என்றால் விலக்கு உண்டு. கதவு சாத்தும் முன் அந்த டிசம்பரில் எல்லையில் பெரிய நெரிசல்.

இந்த ஒப்பந்தத்தைத் தனக்கு வேண்டுமென்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது கனடாதான். அமெரிக்காவுக்குப் பெரிய ஆர்வம் இருக்கவில்லை, ஏனென்றால் ஆட்கள் வந்தது அங்கிருந்து இங்கே. 'ஸ்மார்ட் போர்டர்' பேரத்தில் கனடா தன் பழைய ஆசையையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. பக்கத்து வீட்டின் பயத்தைச் சாக்காக வைத்துத் தன் வீட்டுச் சுவரை உயர்த்தியது என்றே நான் சொல்வேன்.

ஒப்பந்தம் முதலில் முறையான எல்லைச் சாவடிகளுக்கு மட்டும்தான். அதனால்தான் சாவடி இல்லாமல் கியூபெக்குக்குள் நுழையும் ரொக்ஸம் வீதி என்ற கிராமத்துப் பாதை உலகப் புகழ் பெற்றது. 2023 மார்ச் 25 முதல் எல்லை முழுவதற்கும் நீட்டிவிட்டார்கள். காட்டு வழியாக வந்து 14 நாட்களுக்குள் கேட்டாலும் திருப்பி அனுப்பலாம்.

கனடாக் கடவுச்சீட்டு கையில் இருந்தால் பயமில்லைத்தானே?

மாஹெர் அராரிடம் இருந்தது. சிரியாவில் பிறந்த கனடியக் குடிமகன், ஒட்டாவாவில் பொறியியலாளர். 2002 செப்டம்பர் 26 அன்று விடுமுறை முடிந்து திரும்பும் வழியில் நியூயோர்க்கில் விமானம் மாறும்போது பிடித்தார்கள். கனடாவுக்கு அனுப்பவில்லை. ஜோர்தான் வழியாகச் சிரியாவுக்கு அனுப்பினார்கள். மூன்றடி அகலம், ஆறடி நீளம், ஏழடி உயரம் உள்ள ஒரு அறையில் பத்து மாதத்துக்கு மேல். அடியும் சித்திரவதையும். திரும்பி வந்தது ஒரு வருடம் கழித்து.

நீதிபதி டெனிஸ் ஓகொனர் தலைமையிலான விசாரணை 2006இல் சொன்னது: அவர் மீது பயங்கரவாதத் தொடர்புக்கு எந்தச் சான்றும் இல்லை. கனடாவின் கூட்டாட்சிப் பொலிஸ் தவறான தகவலை அமெரிக்காவிடம் கொடுத்திருந்தது. 'சந்தேக நபர்கள் பற்றி எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வோம்' என்ற அந்தக் காலத்து அவசரத்தின் விலை அது. பொலிஸ் தலைவர் பதவி விலகினார். 2007இல் பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார், 1 கோடியே 5 லட்சம் டொலர் இழப்பீடு. அதே 2002இல் ஈரான், ஈராக், லிபியா, சூடான், சிரியாவில் பிறந்த தன் சொந்தக் குடிமக்களிடம், அமெரிக்கா போகுமுன் நன்றாக யோசியுங்கள் என்று கனடா அரசே எச்சரித்தது. கடவுச்சீட்டு ஒன்றுதான், ஆனால் 'பிறந்த இடம்' என்ற வரி அதில் இருக்கிறதே.

சித்திரவதை நடக்கும் நாட்டுக்குக் கனடா யாரையும் திருப்பி அனுப்பாதாமே?

'பொதுவாக அனுப்பக்கூடாது' என்பதே சரி. அந்தப் 'பொதுவாக' வந்தது எங்கள் ஆள் ஒருவரின் வழக்கில். சுரேஷ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் சொல்வார்கள். இலங்கையிலிருந்து வந்து அகதியாக ஏற்கப்பட்டவர், புலிகளுக்கு நிதி சேர்த்தார் என்று நாடுகடத்த முயன்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது 2001 மே மாதம். தீர்ப்பு 2002 ஜனவரி 11. இடையில் கோபுரங்கள் விழுந்துவிட்டன.

சித்திரவதைக்கு அனுப்புவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொன்ன நீதிமன்றம், மிக விதிவிலக்கான சூழ்நிலையில் முடியலாம் என்று ஒரு சின்னக் கதவையும் திறந்துவைத்தது. செப்டம்பருக்கு முன் தீர்ப்பு வந்திருந்தால் அந்தக் கதவு இருந்திருக்குமா என்று சட்டம் படித்தவர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள்.

அமெரிக்கா சொன்னதற்கெல்லாம் கனடா தலையாட்டியதா?

இல்லை. ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பியது. 2014 வரை 40,000க்கு மேற்பட்டோர் போய்வந்தார்கள், 158 சிப்பாய்கள் இறந்தார்கள். ஈராக்குக்கு மாட்டேன் என்றது. 2003 மார்ச் 17 அன்று பிரதமர் ஜான் கிரெச்சியன் நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னார். போருக்கு இல்லை என்று சொல்ல முடிந்தது. எல்லை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. காரணம் முதல் பதிலிலும் மூன்றாவதிலும் இருக்கிறது.

ஏர் இந்தியாக் குண்டில் 329 பேர் செத்தார்களே, அப்போது ஏன் ஒன்றும் மாறவில்லை?

என்னை மிகவும் தடுமாற வைக்கும் கேள்வி இது. 1985 ஜூன் 23 அன்று கனடாவிலிருந்து போன ஏர் இந்தியா விமானம் நடுவானில் வெடித்துச் சிதறியது. குண்டு வைத்த பெட்டி ஏறியது கனடாவில், சதி தீட்டியது கனடாவில், இறந்தவர்களில் பெரும்பாலோர் கனடியக் குடிமக்கள். பிரதமர் மல்ரோனி இரங்கல் சொல்லத் தொலைபேசி எடுத்தது ராஜீவ் காந்திக்கு. தன் நாட்டு மக்கள் செத்ததற்கு வேறு நாட்டுத் தலைவருக்கு ஆறுதல். பொது விசாரணை தொடங்கியது 21 வருடம் கழித்து, அறிக்கை வந்தது 2010இல். கொலை வழக்கில் இருவர் 2005இல் விடுதலை. குண்டு செய்ய உதவிய ஒருவருக்கு மட்டும்தான் தண்டனை.

இறந்தவர்களின் தோல் நிறம் ஒரு காரணம் என்று குடும்பங்கள் சொன்னார்கள், அதை மறுக்க என்னால் முடியாது. இன்னொன்று, ஏர் இந்தியா எந்தப் பாலத்திலும் ட்ரக்கை நிறுத்தவில்லை. ஒரு விசித்திரம் பாருங்கள். சி-36இல் சாட்சியைக் கட்டாயப்படுத்தி விசாரிக்கும் புதிய அதிகாரம் ஒன்று இருந்தது. அதை முதன்முதலாகக் கையில் எடுத்தது ஏர் இந்தியா வழக்குக்காகத்தான். நியூயோர்க் விழுந்த பிறகுதான் 1985க்கு ஆயுதம் கிடைத்தது.

பயம் குறைந்தால் பழையபடி ஆகுமா?

சிலதற்குக் கெடு வைத்திருந்தார்கள். மேலே சொன்ன கட்டாய விசாரணைக்கும் முன்கூட்டிக் கைதுக்கும் ஐந்து வருட ஆயுள். 2007இல் நாடாளுமன்றம் நீட்டிக்க மறுத்தது, காலாவதியாயின. 2013இல் திரும்பி வந்தன. 2007 வரை கனடா எல்லை அதிகாரியின் இடுப்பில் துப்பாக்கி இல்லை. ஆயுதத்தோடு ஒருவன் வருகிறான் என்று தகவல் வந்தால் வேலையை விட்டு விலகி நிற்பார்கள். இன்று இருக்கிறது. அதை யாராவது கழற்றுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

குடியுரிமைப் படிவத்தில் அமெரிக்கா போன நாட்களை எழுதாமல் விட்டால் தெரியவா போகிறது?

தெரியும். இப்போது ஒரு நாட்டுக்குள் நுழைந்த பதிவே மற்ற நாட்டை விட்டு வெளியேறிய பதிவு. அமெரிக்க அதிகாரி உங்கள் கடவுச்சீட்டை ஸ்கேன் பண்ணியது கனடாவுக்கு வந்துவிடும். பிஆர்காரர்களுக்கு 2013 முதல், கனடியக் குடிமக்களுக்கும் 2019 முதல். குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள், பிஆரைத் தக்கவைக்க 730 நாள் என்ற கணக்கை அவர்கள் தங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதியோர் உதவித்தொகைக்கும் அந்தப் பதிவு போகிறது.

மறந்துபோனால் பழைய கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப்பில் நயாகராப் படத்தின் திகதி, எல்லாவற்றையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு நிலையம் திறக்கும். பழைய லாண்டட் பேப்பர் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், டேப் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை.